மீன் பாடுமா?



மட்டக்களப்பு நாட்டைக் குறிப்பிடும்போது “மீன் பாடும் தேன் நாடு” என்று சிறப்பித்துச் சொல்லுதல் நம்மிடையே நெடுநாள் வழக்கு. மேடையிற் பேசுவோரும், வாழ்த்துப்பா இயற்றுவோரும், ஊரைவிட்டு வெளியூரில் வாழ்வோரும் இத்தொடரை ஒரு முறையேனும் சொல்லாது விடார். இதில் வரும் தேனைப் பற்றி எவருக்கும் ஐயமில்லை. மேற்கே காடு உண்டு. காட்டிலே தேன் உண்டு. நாட்டைப் பற்றியும் ஐயமில்லை. ஆயின் மீனைப் பற்றிய ஐயம் தீர்ந்தபாடில்லை. மீன் பாடுமா? பாடுவது மீன்தானா? அன்றி வேறோர் உயிரின் குரலை நாம் மீனுக்குச் சூட்டிவிட்டோமா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு வாவியின் நீரை ஆராய்ந்தால் மட்டும் போதாது; மீன் என்னும் சொல்லையும் ஆராய்தல் வேண்டும்.

மீன் என்பது தமிழிலே மிகப் பழைய சொற்களுள் ஒன்று. நீரில் வாழும் உயிருக்கும், வானில் ஒளிரும் உடுவுக்கும் நம் முன்னோர் இந்த ஒரு சொல்லையே வழங்கினர். சங்க காலத் தமிழிலே அருந்ததியை வடமீன் என்றனர். கார்த்திகைக் கூட்டத்தை அறுமீன் என்றனர். வடவானில் ஏழாய்த் திரண்டு தோன்றுவனவற்றை எழுமீன் என்றனர். நிலைத்து நின்று நாளைக் காட்டுவன நாள்மீன்கள். இடம்பெயர்ந்து செல்வன கோள்மீன்கள். இன்று நாம் இரண்டையும் வேறுபடுத்த வேண்டி, வானத்து மீனை விண்மீன் என்று அடைகொடுத்துச் சொல்கின்றோம். நீரிலுள்ள மீனுக்கோ அடை எதுவும் வேண்டியதில்லை; வெறுமனே மீன் என்றாலே போதும். வழக்கிலே வெற்றி பெற்றது நீர்மீனே என்பது இதனாற் புலனாகும்.

இரண்டிற்கும் ஒரு பெயர் வந்தது எவ்வாறு? ‘மின்’ என்னும் வேரை நோக்குக. மின்னல், மின்மினி, மின்னுதல் எல்லாம் அவ்வேரிலிருந்து கிளைத்தன. மின்னுவது மீன் என்று பொருள் கொள்வார் அறிஞர் பலர். வாவியிலே இரவில் வீச்சுவலையை இழுத்தெடுக்கும்போது, வலைக்கண்களிலே துள்ளும் உடல்கள் நிலவொளியிற் பளிச்சிடுவதைக் கண்டவருக்கு இவ்விளக்கம் மிகையெனத் தோன்றாது. மேலே மின்னுவதும் மீன், கீழே மின்னுவதும் மீன். இடையே இருப்பது நீரின் மேற்பரப்பு ஒன்றே.

மலையாளம், கன்னடம், துளு, தெலுங்கு ஆகிய மொழிகளிலும் இச்சொல் சிறு திரிபுகளுடன் வழங்குகின்றது. வடமொழியிலுள்ள ‘மீன’ என்னும் சொல்லும் திராவிட மொழிகளிலிருந்து சென்றதே என்பது மொழியறிஞர் பலரின் துணிபு. ஆகவே, பன்னிரு இராசிகளுள் இறுதியானதை மீனம் என்று நாம் அழைக்கும்போது, வெளியூர் சென்று உடைமாற்றித் திரும்பிய நம் சொல்லையே மீண்டும் வரவேற்கின்றோம் எனலாம். சிந்துவெளி முத்திரைகளில் அடிக்கடி காணப்படும் மீன்வடிவக் குறியை, உடு என்னும் பொருள்படவே அக்கால மக்கள் பொறித்தனர் என ஈராசு அடிகளார் கருதினார். அக்கருத்தைப் பின்லாந்து நாட்டு அறிஞர் அசுக்கோ பார்ப்போலா விரித்துரைத்தார். அந்த எழுத்து இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. எனினும், அவ்விருவருக்கும் அக்கருத்தைத் தந்தது தமிழிலும் அதன் இனமொழிகளிலும் உள்ள இந்த இரட்டைப் பொருளே என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, ஏட்டை விட்டு வீட்டுக்கு வருவோம். அன்றாட வழக்கிலே மீன் என்னும் சொல்லின் எல்லை மிக அகலமானது. மட்டக்களப்பிலே ஒரு தாய் காலையில் “மீன் வாங்கி வருகிறேன்” என்று சந்தைக்குப் புறப்படுகின்றாள். திரும்பி வரும்போது அவள் கைப்பையிலே இறால் இருக்கலாம், நண்டு இருக்கலாம், கணவாய் இருக்கலாம். ஆயினும் அவள் சொன்ன சொல் பொய்யாயிற்று என்று வீட்டில் எவரும் வழக்குத் தொடுப்பதில்லை. நீரிலிருந்து வந்து அடுப்பிலேறுவன எல்லாம் அங்கே மீன் என்னும் சொல்லுள் அடங்கும். அது ஆணமாகவும் பொரியலாகவும் ஆனபின்னரே தனிப்பெயர்கள் தலைகாட்டும். விரத நாளிலோ அனைத்தும் சேர்ந்து ‘மச்சம்’ என்னும் வேறொரு சொல்லுக்குள் ஒதுங்கிவிடும். “இன்றைக்கு மச்சம் இல்லை” என்றால் மீன் மட்டுமன்று, இறைச்சியும் இல்லை என்றே பொருள்.

பழமொழிகளிலும் மீன் ஓயாது நீந்துகின்றது. பிறவியிலேயே தொழிலறிந்த பிள்ளையைக் கண்டால், மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்கின்றோம். எவருக்கும் பிடிகொடாமல், நல்லவன் போலவும் இருந்துகொண்டு நழுவிச் செல்பவனைக் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்கின்றோம். இவை சமையலறை வாயிலிலும் வாவிக்கரையிலும் பிறந்த மொழிகள். கையில் மீனைப் பிடித்தறிந்தவர்களின் மொழிகள்.

சந்தையில் அகன்று நிற்கும் இச்சொல், தோணியில் ஏறியவுடன் சுருங்கிவிடுகின்றது. மீன்பிடிப்பவனுக்கு வெறும் ‘மீன்’ என்பது போதாது. அவனுக்குக் கொடுவா வேறு, ஓரா வேறு, கெளிறு வேறு. ஒவ்வொன்றுக்கும் வலைக்கண் வேறு, நீராழம் வேறு, நேரம் வேறு. இறாலுக்கு அத்தாங்கு, ஆழமில்லா நீரில் கரப்பு, திறந்த நீரில் வீச்சுவலை எனக் கருவியும் வேறுபடும். அவன் இறாலை மீன் என்று மயங்குவதில்லை. ஊரியை மீன் என்று மயங்குவதுமில்லை. பொருளுக்கு அணுக்கமாகச் செல்லச் செல்லச் சொல் கூர்மையடைகின்றது. விலகிச் செல்லச் செல்ல அகலமடைகின்றது. இதனை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகின்றேன். நம் வினாவுக்குரிய திறவுகோல் இதுவே.

மீன்பிடிப்போர் வாயில் வழங்கும் மற்றொரு சொல்லும் ஈண்டு கருதத்தக்கது. வலையில் மீன் அகப்படுதலை அவர்கள் ‘மீன் படுதல்’ என்பர். அகப்பட்ட அளவை ‘மீன்பாடு’ என்பர். “இன்றைக்கு மீன்பாடு எப்படி?” என்பதே கரையில் எழும் முதற் கேள்வி. பாட்டைப் போற்றுவோருக்கு மீன் பாடும். வலையை வீசுவோருக்கு மீன் படும். ஒரு நெட்டெழுத்தே வேறுபாடு. ஆயினும் அந்த எழுத்தினிடையே ஒரு குடும்பத்தின் அடுப்பு இருக்கின்றது. மீன்பாடு குறைந்த நாளில் வீட்டார் படும் பாடு பெரும்பாடு அன்றோ?

இனி அந்த வாவியைச் சிறிது காண்போம். மட்டக்களப்பு வாவி, கடற்கரைக்கு இணையாக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை நீண்டு கிடக்கின்றது. கிழக்கே, ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, ஞாயிறு படும் பக்கம் படுவான்கரை. இங்கும் ‘படுதல்’ வந்துவிட்டது. எழுவான்கரையிலே கடலோரக் குடியிருப்புகள். படுவான்கரையிலே வயல்களும் கால்நடைப் பட்டிகளும். மழைக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் ஆற்றுநீர் வாவியை நிறைக்கும். முகத்துவாரம் திறந்தவுடன் நன்னீர் கடலுக்கு ஓடும். பின்னர் உவர்நீர் உள்ளே புகும். அம்முகத்துவாரத்தை அடுத்த ஊரின் பெயர் பாலமீன்மடு. மீனும் மடுவும் ஊர்ப்பெயரிலேயே குடிகொண்டுள்ளன. மீன் என்பது இந்நாட்டாருக்கு உணவின் பெயர் மட்டுமன்று, இருப்பிடத்தின் பெயருமாகும் என்பதற்கு இவ்வூரே சான்று.

இந்த வாவியிலே, கல்லடிப் பாலத்தை அண்டிய பகுதியில், மழையற்ற மாதங்களிலே, நிலா நிறைந்த இரவுகளிலே, நீருக்கடியிலிருந்து ஓர் இன்னொலி எழுகின்றது என்பது நெடுங்காலச் செய்தி. அதனை விரிவாக எழுதிவைத்தவர் சேர் சேம்சு எமேர்சன் தெனந்து. 1845ஆம் ஆண்டு முதல் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த அவர், 1848ஆம் ஆண்டு செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்தார். நிலவொளியிலே தோணியேறி வாவியின் நடுவே சென்றார். காற்றடங்கியிருந்தது, நீர் அசைவற்றிருந்தது. அப்போது மென்மையான பல ஒலிகள் கீழிருந்து எழக் கேட்டார். ஒரே நெடிய ஓசையாக அன்றி, தனித்தனியே தெளிந்த பல சிற்றொலிகள் உயர்ந்தும் தாழ்ந்தும் ஒன்றுசேர்ந்தனவாம். நனைந்த விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் அதிர்வுக்கு அதனை அவர் ஒப்பிட்டார். தோணியின் மரத்திலே காதை வைத்தபோது ஒலி மிகத் தெளிவாகக் கேட்டதென்றும் குறித்தார்.

அவர் செய்த சிறந்த செயல் மற்றொன்று உண்டு. தாம் கேட்டதோடு அமையாது, அவ்வூர் மீன்பிடிப்போரை அழைத்து வினவினார். அவர்கள் சொன்னதென்ன? வறண்ட காலத்தில் மட்டும் இவ்வொலி கேட்கும் என்றனர். மழைநீர் பெருகி வாவி நிறைந்தால் அடங்கிவிடும் என்றனர். இவற்றோடு இன்னொன்றும் சொன்னார்கள்: இது மீனின் ஒலி அன்று, ஊரியின் ஒலி! சொன்னதோடு நில்லாமல், உயிருள்ள ஊரிகளை எடுத்தும் வந்து காட்டினார்கள்.

ஊரி என்பது நம் நாட்டுக் கரைகளிலே சிறு சங்கினத்துக்கு வழங்கும் பெயர். கண்டல் மரங்களின் வேரடியிலும் சேற்றிலும் ஊர்ந்து திரியும் ஓட்டுயிர். ஊர்வதால் ஊரி என்று கொள்ளின் பொருத்தமாகவே உள்ளது. ஆங்கிலேயர் தம் காதில் விழுந்த தமிழைத் தம் எழுத்தில் எழுதினார். ‘ஊரி கூலூரூ கிராடு’ என்பது போல அவர் நூலில் ஒரு தொடர் காணப்படுகின்றது. அழும் சிப்பி என்னும் பொருளுடைய பெயர் அது என்றும் அவர் விளக்கினார். அதனைத் தமிழ்க் காதாற் கேட்டால் உடனே விளங்கிவிடும். அது பெயர் அன்று. ஒரு முழு வாக்கியம். “ஊரி குளறுகிறது!” குளறுதல் என்றால் வாய்விட்டு அழுதல், கதறுதல் என்பது இலங்கைத் தமிழின் இன்றைய வழக்கு. செத்த வீட்டிலே குளறி அழுதார்கள் என்கின்றோம் அல்லவா? அயலார் ஒருவர் வாவியைக் காட்டி, அது என்ன ஒலி என்று கேட்டார். இவர்கள் விடை சொன்னார்கள். விடையை அவர் உயிரின் பெயராகக் குறித்துக்கொண்டார்.

இதிலே எனக்குப் பெரிதாகத் தோன்றுவது யாதெனின், அயலவர் பாட்டென்று கேட்டதை ஊரார் அழுகையென்று சொன்னார்கள் என்பதுதான். இரவெல்லாம் குளிர்நீரில் நின்று வலை வீசியவனின் காதும், விருந்தினராய்த் தோணியில் அமர்ந்து வந்தவரின் காதும் ஒன்றல்ல. ஒலி ஒன்றே, சொல் இரண்டு.

சரி, அறிவியல் என்ன சொல்கின்றது? முதலில் ஒலியின் இயல்பைப் பார்ப்போம். காற்றிலே ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும்; நீரிலோ ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். ஆனால் நீரிலிருந்து காற்றுக்கு ஏறும்போது நீர்ப்பரப்பிலே ஒலியாற்றலின் மிகப்பெரும் பகுதி திருப்பியனுப்பப்படும். ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கே வெளிவரும். ஆதலாற்றான் கரையில் நிற்பவனுக்கு எதுவும் கேட்பதில்லை. துடுப்பை நீரிலே அமிழ்த்தி, அதன் மேல்நுனியிலே காதைப் பொருத்திக் கேட்பது மட்டக்களப்பாரின் பழைய முறை. துடுப்பின் மரம் நீரின் அதிர்வை நேரே காதுக்குக் கொண்டுவருகின்றது. நூலறிவு இல்லாமலே பட்டறிவினால் அவர்கள் கண்ட கருவி அது.

அடுத்து, மீன் ஒலி எழுப்புமா? எழுப்பும் என்பதில் இன்று ஐயமில்லை. பல மீன்கள் தம் காற்றுப்பையைத் தசைகளால் அதிரச் செய்து முழவுபோல் ஒலிக்கின்றன. கெளிற்றினத்துள் சில, செட்டையின் முள்ளை அதன் பொருத்திலே தேய்த்துக் கிறீச்சிடுகின்றன. தமிழகக் கரையிலே ஒரு மீனுக்குக் கீச்சான் என்றே பெயர். அமெரிக்காவின் கலிபோர்ணியாவிலே சோசலித்தோ என்னும் ஊரில், 1980களிலே, படகுவீடுகளில் வாழ்ந்த மக்கள் இரவில் உறக்கம் கெடுக்கும் ரீங்காரத்தைக் கேட்டு, ஏதோ இயந்திரத்தின் ஓசையென ஐயுற்றனர். ஆராய்ந்தபோது அது பெண்மீனை அழைக்கும் ஓரினத்து ஆண்மீனின் குரல் எனத் தெரிந்தது. மீனே அன்றி, கொடுக்கைச் சொடுக்கி ஒலிசெய்யும் இறாலினமும் வெப்பநாட்டுக் கடல்களிலே மிகுதியாக உண்டு. ஊரி போன்ற ஓட்டுயிர்களுக்கோ இத்தகைய குரலுறுப்பு இருப்பதாக அறியப்படவில்லை. ஆதலின் இன்றைய அறிஞர் பலரின் சார்பு மீன்பக்கமே. ஆயினும், கல்லடி நீரில் ஒலிப்பது இன்ன உயிர் என்று இன்றளவும் அறுதியிடப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, மட்டக்களப்பிற் பணியாற்றிய அமெரிக்க இயேசுசபைக் குருவான லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி இவ்வொலியைப் பதிவுசெய்தார். அப்பதிவு இலங்கை வானொலியிலும் ஒலித்தது. துடுப்பின் நுனியிலே ஒருவர் காதுக்கு மட்டும் கேட்ட குரல், அவ்வாறு நாடெங்குமுள்ள வீடுகளுக்குள் சென்றது.

பாட்டென்னும் பெயரை நிலைநிறுத்தியவர்களுள் தலையாயவர் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். காரைதீவிலே 1892ஆம் ஆண்டில் பிறந்து, பண்டைத் தமிழிசையை ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்டு, அதே ஆண்டில் மறைந்த விபுலாநந்த அடிகளே அவர். நீரிலே வாழும் தெய்வ மகளிர் பாடுவதாக, நீரர மகளிர் என்னும் பெயரால் ஓர் இன்னிசைப் பாடலை அவர் இயற்றினார். மீனும் அன்று, ஊரியும் அன்று, நீரர மகளிர் என்று அவர் காட்டியபோது, வினா உயிரியலை விட்டு இசைக்குள் புகுந்தது. கல்லடி உப்போடையிலே, வாவிக்கு அணித்தாக, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும் அவர் நினைவிடமும் உள்ளன.

இனி நம் வினாவுக்கு வருவோம். “மீன் பாடும்” என்னும் தொடர் தவறா? சந்தைக்குச் சென்ற தாயை நினைவுகூர்க. அவள் வழக்கிலே இறாலும் நண்டும் மீனாகும்போது, வாவியிற் குரல்கொடுக்கும் உயிர் எதுவாயினும் அதனை மீன் என்பது அன்றாடத் தமிழுக்கு முரணன்று. அகன்ற சொல் அகன்ற உண்மையைச் சொல்லும். ஆயின் அந்த அகலத்திலே ஒன்று மறைந்துபோகாமல் நாம் காக்க வேண்டும். ஊரியைக் கையிலெடுத்துக் காட்டிய அந்த மீன்பிடிப்போரின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்றது “ஊரி குளறுகிறது” என்னும் ஒரு வாக்கியம் மட்டுமே. அவர்கள் கூற்று பிழையென நாளை நிறுவப்படலாம். அப்போதும், வறட்சியில் ஒலிக்கும், வெள்ளத்தில் அடங்கும் என்று அவர்கள் கண்டுசொன்ன குறிப்பே ஆராய்ச்சிக்கு முதற்படியாக நிற்கும். உவர்ப்பு மிகுந்த காலத்து உயிர் அது என்பதற்கு அதைவிடச் சிறந்த துப்பு வேறேது?

இக்கேள்விக்குக் காலவரையறை உண்டு என்பதையும் மறத்தலாகாது. போர் நிகழ்ந்த ஆண்டுகளிலே இரவில் வாவியில் தோணி செலுத்துதல் எளிதாக இருக்கவில்லை. கேட்கப் போகாத குரல் மெல்ல நினைவாய் மாறிற்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் பாலமீன்மடுவையும் தாக்கியது. 1920களிற் கட்டப்பட்ட பழைய பாலத்தின் அருகே 2013ஆம் ஆண்டில் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஊர்திகளின் இரைச்சல் இரவிலும் ஓய்வதில்லை. கண்டல் மரங்கள் குறையும் இடத்தில் மீன்குஞ்சுக்குத் தொட்டிலில்லை. கழிவுநீர் சேரும் இடத்தில் ஊரிக்கு வாழ்வில்லை. மீன்பாடு குறையும் வாவியிலே மீன்பாட்டும் குறைவது இயல்பே. பாட்டும் பாடும் ஒரே நீரை நம்பியிருக்கின்றன.

ஆகவே நேயர்களே, “மீன் பாடும் தேன் நாடு” என்று அடுத்த முறை நாம் பெருமையோடு சொல்லும்போது, அத்தொடர் ஒரு புகழ்மொழி மட்டுமன்று, ஒரு பொறுப்புமொழியும் ஆகும் என்பதை நினைப்போமாக. சொல் உண்மையாய் இருப்பதற்கு, அது சுட்டும் பொருள் உயிரோடு இருத்தல் வேண்டும். வாவிக்கரையில் வாழ்வோர், மழையற்ற ஒரு நிலா இரவிலே, தோணிக்காரரைத் துணைகொண்டு நடுநீர் சென்று, துடுப்பின் நுனியிலே காதை வைத்துக் கேட்டுப் பாருங்கள். கேட்பது பாட்டாயின் மகிழுங்கள். குளறலாயின், ஏன் குளறுகிறது என்று வினவுங்கள். அருகிலிருக்கும் தோணிக்காரர் அதற்கு என்ன பெயர் சொல்கின்றார் என்பதையும் மறவாது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.